வெடைக்கோழிகளின் வரிசை: பேராவூரணி வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தோப்பு வீட்டுக் கொல்லையில் எட்டுப் பெட்டைகளை ஆளாக்கிவிட்டு, அவை வெடைக்கோழியாகி நிற்கிற நேரத்தில் ஒன்றையொன்று கொத்துவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நான்கு உங்கள் அடைக்கோழி பொரித்தவை, நான்கு சந்தையில் வாங்கியவை. கருப்பி என்ற பெட்டை எல்லாவற்றையும் விரட்டுகிறது. சந்தையில் வாங்கிய சாம்பல் நிறப் பெட்டை எல்லோரிடமும் கொத்து வாங்கி, தீனி வைத்தால்கூடக் கிட்டே வராமல் பூவரச மரத்தடியிலேயே நிற்கிறது. கருப்பியை அறுத்துவிடலாம் என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். சாம்பலை விற்றுவிடலாம் என்கிறார் உங்கள் மாமியார். எதைச் செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் செய்யாதீர்கள். கருப்பியை அறுத்தால் அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிற பெட்டை முதலிடத்துக்கு வரும், கொத்து நிற்காது. சாம்பலை விற்றால் அதற்கு ஒரு படி மேலே நின்றது கடைசியாகும்; அதுவும் பூவரசடிக்கு வந்து சேரும். உங்கள் கொல்லையில் நடப்பது ஒரு கோழியின் கெட்ட குணத்தால் நடப்பதன்று. எட்டுக் கோழிகள் தங்களுக்குள் யார் யாருக்கு வழிவிடுவது என்று முடிவு செய்துகொண்டிருக்கின்றன. அந்த வேலை முடியும்வரை பொறுக்க வேண்டும். அது நல்லபடியாக முடிய நீங்கள் உதவவும் வேண்டும்.

சேவலை நாம் பார்த்த அளவுக்குப் பெட்டையைப் பார்க்கவில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. சேவலுக்கு நம் ஊரில் எவ்வளவு மரியாதை! சோழர்களின் பழைய தலைநகரான உறையூருக்கே கோழி என்று பெயர். யானையை எதிர்த்து நின்ற சேவலின் கதையை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த ஒரு சேவலுக்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடுகல் நட்டு எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். சேவல் சண்டை ஊர் கூடிப் பார்க்கிற காட்சி. பெட்டைகளின் சண்டையோ கொல்லையில், குப்பைமேட்டோரத்தில், நான்கு நொடியில் முடிந்துவிடும். அதை உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்தவர் நார்வே நாட்டுக்காரர், 1894இல் பிறந்த தோர்லைஃப் ஷெல்டரூப் எப்பே. சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளுக்குப் பெயர் வைத்து, எது எதைக் கொத்தியது என்று குறித்துவந்தார். 1922இல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் கொத்தும் வரிசை என்ற எண்ணம் உலகுக்கு வந்தது. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம், அதை எதுவும் கொத்தாது. இரண்டாவது, முதலைத் தவிர மற்றவற்றைக் கொத்தலாம். இப்படியே இறங்கி, கடைசிக் கோழிக்குக் கொத்துவதற்கு யாரும் இல்லை.

உங்கள் கோழிகளின் வயதுக்கு வருகிறேன். குஞ்சு பொரிந்த முதல் சில வாரங்களில் இரண்டு குஞ்சுகள் எதிரெதிரே எம்பிக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டு. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை; அடுத்த நிமிடம் இரண்டும் தாயின் இறக்கைக்குள் போய்விடும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலக் கல்லூரியில் கூல் என்பவர் 1940களிலும் 50களிலும் இந்த விளையாட்டு வரிசையாக மாறுவதைத் தொடர்ந்து கவனித்தார். சேவல் குஞ்சுகளில் ஏறக்குறைய ஏழாவது வாரத்திலும், பெட்டைகளில் அதற்கு இரண்டு மூன்று வாரம் பிந்தியும் வரிசை உருவாகிறது என்று கண்டார். சேவல்களுக்கு ஒரு வரிசை, பெட்டைகளுக்குத் தனி வரிசை. வளர்ந்த சேவல் பெட்டைகளைக் கொத்துவது அரிது. பெட்டைகள் சண்டையிட்டால் நடுவே புகுந்து விலக்குவதும் உண்டு.

நம் நாட்டுக்கோழிக்கு இந்த வயது வருகிறபோதுதான் இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை இறக்கைக்குள் வைத்துக் காத்த தாய், ஒரு நாள் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். தனித்துவிட்டது என்று நம் பெண்கள் சொல்வார்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது தாய்க்கோழிக்கு மட்டுந்தான் பொருந்தும். அடுத்த கோழியின் காலடியில் குஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தாய் முன்னே நின்று சீறியவரை எந்தக் கோழியும் கிட்டே வராது. தனித்துவிட்ட அன்று முதல் அந்தக் குஞ்சு கொல்லையின் பெரிய கோழிகள் எல்லாவற்றுக்கும் கீழே, தன் வயதுக் கூட்டத்துக்குள் தன் இடத்தைத் தானே தேட வேண்டும்.

எப்படித் தேடுகிறது? இரண்டு பெட்டைகள் நேருக்கு நேர் நிற்கும். கழுத்து மயிர் சிலிர்க்கும். தலை உயரும். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நகரும். பிறகு இரண்டும் எம்பிக் காலால் உதைக்கும், கொண்டையையும் தாடியையும் குறிவைத்துக் கொத்தும். ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு விலகினால் முடிந்தது. பல நேரம் உதைவரைக்கும்கூடப் போவதில்லை. ஒன்று நிமிர்ந்து பார்க்கிறது, மற்றது ஒதுங்கிவிடுகிறது. அந்த இருவருக்குள் கணக்கு தீர்ந்துவிட்டது. இனிமேல் கருப்பி தலையைத் தூக்கினாலே போதும், சாம்பல் வழிவிடும். எட்டுக் கோழிகளுக்குள் இப்படி 28 சோடிகள் உண்டு. 28 முடிவுகளும் எட்டுத் தலைக்குள்ளும் பதிய வேண்டும். நீங்கள் பார்க்கிற கொத்தல் அந்தக் காலத்தின் கொத்தல்.

ஒவ்வொரு கோழியும் மற்ற ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்திருக்கிறது என்பது இதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. அந்த அடையாளம் தலையிலும் கழுத்திலும் இருக்கிறது. கூலும் அவருடன் வேலை செய்தவரும் 1953இல் கோழிகளின் கொண்டையை மாற்றிக் கட்டியும், கழுத்து இறகுக்குச் சாயம் பூசியும் பார்த்தார்கள். கூட்டத்தில் பழகிய கோழியையே மற்றவை புதிது என்று நினைத்துக் கொத்தின. உங்கள் கோழிக்கு அம்மை போட்டுத் தலையெல்லாம் கொப்புளமாகிவிட்டால் மற்றவை அதைத் திரும்பவும் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டாலும் அதே கதைதான், மறந்துவிடுகின்றன. அடையில் உட்கார்ந்த கோழி 21 நாள் கழித்து வெளியே வரும்போது தன் இடத்துக்காகத் திரும்பவும் நிற்க வேண்டியிருக்கும். குஞ்சுகளோடு வருவதால் அதன் கோபமும் கூடியிருக்கும், பெரும்பாலும் ஜெயித்துவிடும்.

எட்டுக்கு 28 சண்டை என்று கணக்குப் போட்டுப் பயப்படவும் வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் ஐவன் சேஸ், முன்பின் பழகாத கோழிகளைச் சேர்த்துவிட்டு நடப்பதை வரிசையாகக் குறித்தார். மூன்று கோழிகள் சேர்ந்தால், முதல் சண்டையில் வென்றதே பெரும்பாலும் பக்கத்தில் நின்ற மூன்றாவதையும் அடக்கிவிடுகிறது. அல்லது தோற்றது மூன்றாவதற்கும் பணிந்துவிடுகிறது. எப்படிப் போனாலும் வரிசை நேராகவே அமையும், சுற்றிக்கொள்வது குறைவு. வென்றது அடுத்ததிலும் வெல்வதும், தோற்றது அடுத்ததிலும் தோற்பதும் கோழிகளிடம் பொதுவாகக் காணப்படுகிற குணம். 1996இல் கனடாவின் கியூபெக்கில் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. தன்னை அடக்கி வைத்திருக்கிற கோழியை ஒரு புதுக்கோழி அடித்து வீழ்த்துவதை ஒரு பெட்டை பார்க்கிறது. பிறகு அந்தப் புதுக்கோழியோடு அதை விட்டால், அது சண்டைக்கே போவதில்லை. தன்னை அடக்குகிற கோழியிடம் புதுக்கோழி தோற்பதைப் பார்த்திருந்தாலோ, துணிந்து எதிர்க்கிறது. வேடிக்கை பார்த்தே முடிவெடுக்கிற இந்தப் பிராணியைத்தான் புத்தி கெட்டவர்களுக்கு நாம் உவமையாகச் சொல்கிறோம்.

யார் மேலே போவது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. எடை, வயது, கொண்டையின் அளவு, உடம்பின் நலம், இனத்தின் குணம், முதலில் கிடைத்த வெற்றி எல்லாம் சேரும். அசீல் ரத்தம் கலந்த பெட்டைக்கு எதிர்த்து நிற்கிற குணம் அதிகம். முட்டைப் பருவம் நெருங்கி, கொண்டை சிவந்து, கேரத் தொடங்கும்போது ஒரு பெட்டையின் மிடுக்கே மாறும். வரிசையில் ஒன்றிரண்டு இடமும் மாறலாம். இருக்கிற இடத்துப் பலமும் உண்டு. உங்கள் அடையில் பொரித்த நான்கும் சேர்ந்தே வளர்ந்தவை. மண்ணும் மரமும் குப்பைமேடும் அவற்றுக்குத் தெரியும். சந்தையில் வந்தவை அந்நிய இடத்தில், அந்நிய முகங்களுக்கு நடுவே இறக்கப்பட்டவை. சாம்பல் கடைசியானதற்கு நோஞ்சானாக இருக்க வேண்டியதில்லை, அது எப்படி வந்து சேர்ந்தது என்பதே போதும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தொந்தரவு செய்தது. கோழிக்குள்ளேயே மேலே கீழே இருக்கும்போது மனுஷருக்குள் இருந்தால் என்ன என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பி பொரிக்கிற குஞ்சு கருப்பியின் இடத்தில் பிறப்பதில்லை. தனித்துவிட்ட அன்று அதுவும் எல்லோருக்கும் கீழேதான் நிற்கும். ஒரு கோழியின் இடம் அதன் தலைமுறைக்குப் போவதில்லை. நோய் வந்தால் அதுவே இறங்கிவிடும், உடம்பு தேறினால் ஏறிவிடும். பிறப்பை வைத்து மனிதரை மேலென்றும் கீழென்றும் வைத்தவர்களுக்குக் கோழி சாட்சி சொல்லாது. ஷெல்டரூப் எப்பேகூடப் பிற்காலத்தில் அடக்குமுறைதான் உயிர் உலகத்துக்கே அடிப்படை என்று எழுதினார். கோழியைப் பார்த்ததில் அவர் கூர்மையானவர். அங்கிருந்து உலகத்துக்குத் தாவியதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

வரிசை அமைந்த கூட்டத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 1944இல் கூலும் ஆலி என்ற ஆய்வாளரும் இரண்டு வகைக் கூட்டங்களை ஒப்பிட்டார்கள். ஒன்றில் கோழிகளை மாற்றவே இல்லை. மற்றதில் அடிக்கடி பழையதை எடுத்துப் புதியதை விட்டார்கள். மாற்றாத கூட்டத்தில் கொத்தல் குறைந்தது; கோழிகள் கூடுதலாகத் தின்றன, கூடுதலாக முட்டையிட்டன. சந்தைக்குச் சந்தை ஒரு கோழியை விற்று ஒரு கோழியை வாங்குகிற வீடுகளில் கோழிகளுக்கு நிம்மதி இருக்காது என்பது இதிலிருந்தே விளங்கும். சாம்பலை விற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை.

இனி தீனி. கோழி மனிதனிடம் வந்ததற்கும் நெல்லுக்கும் தொடர்பு இருக்கிறது. 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, மூவாயிரம் ஆண்டுக்கும் முந்தைய எலும்புகளை வைத்து, வயலில் சிந்திய நெல்லும் சிறுதானியமுமே காட்டுக்கோழியை மனிதர் பக்கம் இழுத்தன என்கிறது. சிந்திக் கிடக்கிற நெல்லைப் பொறுக்கப் பிறந்தது அது. குவித்து வைத்தால் ஒரு கோழி நின்று காவல் காக்க முடியும். இறைத்துவிட்டால் எந்தக் கோழியாலும் காக்க முடியாது. கருப்பியின் அதிகாரம் பெரும்பாலும் நீங்கள் வைக்கிற அந்த ஒற்றைத் தட்டில் இருக்கிறது. தட்டை எடுத்துவிடுங்கள். குருணையையும் கருக்காய் நெல்லையும் தோப்பில் அகலமாக இறையுங்கள். தவிட்டைப் பிசைந்து வைப்பதாக இருந்தால் ஒன்றையொன்று பார்க்க முடியாத மூன்று இடங்களில் வையுங்கள். தண்ணீரும் அப்படியே.

மறைவுக்கு உங்கள் ஊரில் முன்பு பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போன பிறகு, பல கொல்லைகள் வெட்டவெளியாகிவிட்டன. நிழலும் இல்லை, பருந்துக்கு மறைவும் இல்லை. புதுக்கன்றுகள் முழுதும் வளராத இடமாக இருந்தால், பழைய கீற்றுத் தட்டிகளை ஆங்காங்கே குறுக்கே சாத்தி வையுங்கள். துரத்தப்படுகிற கோழிக்குத் துரத்துகிற கோழியின் கண்ணிலிருந்து விலகினால் போதும். பத்தடி ஓடிய பிறகு பெரும்பாலும் விரட்டு நின்றுவிடும். ஐப்பசி மழையில் எல்லாவற்றையும் ஒரே பஞ்சாரத்துக்குள் கவிழ்க்கும்போதுதான் ஆபத்து. ஓட இடம் இல்லாத இடத்தில் பணிந்த கோழியும் கொத்து வாங்கும். மழைக்காலத்துக்கு இரண்டு பஞ்சாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அடைகிற கொம்பும் நீளமாக, சமமான உயரத்தில் இருந்தால் நல்லது. உயரம் வேறுபட்டால் மேல் கொம்புக்குத் தினமும் மாலையில் போட்டி வரும்.

இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தலையிலும் கொண்டையிலும் விழுகிற கொத்து வரிசைக்கான கொத்து. முதுகிலும் வாலடியிலும் இறகைப் பிடுங்கித் தின்பது வேறு வியாதி. அதில் கோபம் கிடையாது. கிளறவும் பொறுக்கவும் எதுவும் இல்லாத கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பொறுக்குகிறது. புரதக் குறைவாலும் அது வரும். கரையான் புற்று இருந்தால் நம் பாட்டிமார் செய்தபடி சாணமும் ஓலையும் போட்டுப் பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடித்துப் போடுங்கள். தேங்காய்ப் பிண்ணாக்கு உங்களிடம் இருக்கும். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது. உப்புப் போடாமல் உலர்த்திய சிறு மீனைத் தூளாக்கிக் கொஞ்சம் கலக்கலாம். உப்புக் கருவாடு கூடவே கூடாது. ரத்தம் கசிகிற கோழியை மட்டும் உடனே தனியே எடுத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, காயம் மூடியதும் திரும்ப விடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாது. எடுத்த கோழியை அதிக நாள் தனியே வைக்காதீர்கள். வலைக்கு அந்தப் பக்கமாவது மற்றவை அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கருப்பி திடீரென்று ஒரு நாள் எல்லோரிடமும் தோற்று ஒதுங்கினால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலிடத்துக் கோழி இறங்குவது பல நேரம் நோயின் முதல் அடையாளம். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம்.

அடைக்கு முட்டை எடுத்து வைக்கும்போதும் ஒரு யோசனை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனிக் கோழியைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரே கூண்டில் சேர்ந்து நன்றாக வாழ்ந்து நன்றாக முட்டையிட்ட கூட்டங்களையே விதைக்கு எடுத்தார். அலகு வெட்டாத அந்தக் கோழிகளில் ஆண்டு இறப்பு 68 சதவீதத்திலிருந்து சில தலைமுறைகளில் 8.8 சதவீதத்துக்கு இறங்கியது. நல்ல கோழி என்பது மற்றக் கோழிகளை வாழவிடுகிற கோழி என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கருப்பி பெரிய முட்டையிடுகிறது என்பதற்காக அதன் முட்டையை மட்டுமே அடை வைக்காதீர்கள்.

அடுத்த முறை கோழி வாங்குவதாக இருந்தால் ஒற்றைக் கோழியாக வாங்காதீர்கள். ஒரே வயதில் மூன்று நான்காக வாங்குங்கள். வாங்கியதும் இரண்டு வாரம் தனியே வைத்து, கழிச்சல் இல்லை என்று தெரிந்த பிறகு வலைத் தடுப்புக்கு அப்பால் கண்ணில் படும்படி ஒரு வாரம் விட்டு, பிறகு இருட்டிய பின் கொம்பில் ஏற்றிவிடுங்கள். பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு எட்டு வாரம் கடந்த எல்லாக் குஞ்சுகளையும் எடுத்துப் போங்கள். கொத்து வாங்கிச் சாகிற நாட்டுக்கோழி மிகக் குறைவு. அந்தக் கழிச்சலில் சாகிறவை கொல்லை கொல்லையாகப் போகின்றன.

அன்புடன்.